மரப்பாச்சிக்குப் பக்கத்தில் புதுப் பொம்மை



பழம்பொருள்களையும் இன்றைய ஓவியங்களையும் சிற்பங்களையும் ஒரே கூடத்தில் சேர்த்து வைக்கலாமா என்பது இன்றைய பேச்சுக்கான பொருள். உள் அலங்காரம் செய்து தருகிறவர்களைக் கேட்டால் கணக்கைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள்: எண்பது பங்கு புதுசு, இருபது பங்கு பழசு, நடுவில் ஒரு உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூவை மிதக்கவிட்டால் வேலை முடிந்தது. அந்தக் கணக்கு அவர்களிடமே இருக்கட்டும். நம் வீடுகளில் இதற்கு வேறொரு கணக்கு வெகுநாளாக இருக்கிறது. நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீடுகளைப் பாருங்கள். மேல்படியில் கலசத்தை ஒட்டி, கல்யாணச் சீரோடு வந்த மரப்பாச்சி ஜோடி நிற்கும். அது பாட்டியுடையதாக இருக்கும், அல்லது பாட்டியின் தாயாருடையதாக இருக்கும். அடுத்த படிகளில் சாயம் மங்கிய தசாவதாரம், கை ஒடிந்து ஒட்டவைத்த செட்டியார் பொம்மை. அதற்கும் கீழே, பண்ருட்டியிலிருந்தோ மதுரை விளாச்சேரியிலிருந்தோ இந்த ஆண்டு வந்து இறங்கிய பொம்மை, இன்னும் வர்ண வாசனை போகாமல் உட்கார்ந்திருக்கும். கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் கொலுப்படியில் இடம் பிடித்துப் பல வருஷம் ஆகிறது. ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாகச் சேர்க்க வேண்டும் என்பது அந்த வீடுகளின் எழுதாத விதி. பழசை எறிவதும் கிடையாது, பழசோடு நின்றுவிடுவதும் கிடையாது.

என் வாதம் இந்த விதியிலிருந்தே புறப்படுகிறது. பாரம்பரியத்தைக் காக்கிறோம் என்று சொல்லிப் பழையதை மட்டுமே வாங்கி வீட்டை நிரப்புகிறவர்கள், தாங்கள் எந்த முன்னோர்களைப் பின்பற்றுவதாக நினைக்கிறார்களோ அவர்கள் ஒருநாளும் செய்யாத காரியத்தைச் செய்கிறார்கள். முன்னோர்கள் தங்கள் காலத்தில் செய்யப்பட்டதை வாங்கினார்கள்; அதைத் தங்கள் முன்னோர்கள் விட்டுப்போனதன் பக்கத்தில் வைத்தார்கள். அப்படியானால் பழம்பொருள் உள்ள ஒரு வீட்டுக்கு அடுத்து வர வேண்டிய பொருள் இன்றைய கலைஞர் ஒருவரின் கைவேலைதான். இதைச் சான்றோடு சொல்ல வேண்டும், எதிர்க்கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழம்பொருள் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது காரைக்குடி. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தேக்குத் தூண் முதல் மங்குத் தட்டு வரை கிடைக்கும். அந்தச் சாமான்கள் புறப்பட்டு வந்த வீடுகளைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக்கிடக்கும் எழுபத்துச் சொச்சம் ஊர்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு 1940கள் வரை நகரத்தார் கட்டிய வீடுகள் அவை. 1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் அரிசி உலகச் சந்தைக்குக் கப்பலேறியது. அங்கே காடு திருத்திக் கழனியாக்கிய உழவர்களுக்குக் கடன் கொடுத்த லேவாதேவித் தொழில் பெருகியது. அந்தப் பணம் ஊருக்கு வீடாகத் திரும்பி வந்தது. வீட்டின் அமைப்பு புதிதல்ல. முகப்பு, பட்டாலை, வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் அந்த நீளம், பழைய முற்றத்து வீட்டின் விரிவுதான். ஆனால் அதற்குள் வந்து சேர்ந்த பொருள்களின் பட்டியல் வேறு கதை சொல்கிறது. தூணுக்குப் பர்மாத் தேக்கு, தரைக்கு இத்தாலியச் சலவைக்கல், சுவரின் இடுப்பளவுக்கு ஜப்பானிலிருந்து வந்த பூவேலை ஓடுகள், பட்டாலைக்குப் பெல்ஜியம் கண்ணாடி, உத்தரத்திலிருந்து சரவிளக்கு, பெண்ணுக்குச் சீர் வைக்க ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த எனாமல் சாமான். இன்று ‘மங்குச் சாமான்’ என்று கடைக்காரர் பயபக்தியோடு எடுத்துக் காட்டுவது, அன்றைக்குத் தொழிற்சாலையிலிருந்து நேரே வந்த நாகரிகச் சரக்கு.

இவற்றில் ஒன்றுகூட வாங்கிய நாளில் பழம்பொருள் இல்லை என்பதைக் கவனியுங்கள். சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் கண்ணாடிபோல் இழைத்த சுவர் ஊர்க் கொத்தனாரின் பழைய வித்தை. அந்தச் சுவரில் தொங்கியது கடல் கடந்து வந்த புதுசு. முகப்பின் மேலே சுதையில் கஜலட்சுமி. அதே முகப்பில் தொப்பியும் துப்பாக்கியுமாக வெள்ளைக்காரச் சிப்பாய். 1930களில் பம்பாயிலும் சென்னையிலும் ஆர்ட் டெக்கோ பாணி பரவியபோது செட்டிநாட்டுக் கிராமங்களிலும் அந்தப் பாணியில் சிமெண்டு முகப்புகள் எழுந்தன. ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் துண்டின் மேல் தகர அச்சை வைத்து, வர்ணம் கலந்த சிமெண்டுக் கூழை ஒவ்வொரு கட்டமாக ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் அடைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற கல் அது. சிமெண்டு வந்த பிறகே பிறக்க முடிந்த தொழில். வெளிநாட்டுத் தரைக்கல்லைப் பார்த்து உள்ளூர் மணலில் நம்மவர்கள் செய்த புதுப் பொருள். அதைத்தான் இன்று ‘புராதனத் தரை’ என்று விளம்பரம் செய்கிறோம்.

அவர்கள் கலைக்காகவா வாங்கினார்கள், காசைக் காட்டத்தானே வாங்கினார்கள் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது, மறுக்கவில்லை. பெருமை காட்டும் ஆசை அந்தக் கண்ணாடிகளில் இன்றைக்கும் தெரிகிறது. ஆனால் நோக்கம் எதுவாக இருந்தாலும் பழக்கம் என்னவாக இருந்தது என்பதுதான் நம் கேள்வி. பழக்கத்துக்குள் ஓர் ஒழுங்கும் இருந்தது. வந்தவர் கண்ணில் படும் முகப்பிலும் பட்டாலையிலும் புதுசுக்குத் தாராளமாக இடம் கொடுத்தார்கள். சடங்கும் சாமி கும்பிடுதலும் நடக்கும் வளவில் பழைய முறை மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். கண்டதைக் கண்ட இடத்தில் திணிக்கவில்லை. எந்தப் பொருளுக்கு எந்தக் கட்டு என்ற யோசனை இருந்தது. சேர்த்துவைப்பதற்கு வேண்டிய முதல் அறிவு அதுதான். எண்பதும் இருபதும் அப்புறம்.

ரவிவர்மாவின் படங்கள் இந்த வாதத்துக்கு இன்னும் பலமான சாட்சி. 1894இல் பம்பாயில் அவர் அச்சகம் தொடங்கினார். இயந்திரமும் தொழில்நுட்பக்காரர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். லட்சுமியும் சரஸ்வதியும் எண்ணெய் வர்ணப் படம்போன்ற பளபளப்போடு கட்டுக்கட்டாக அச்சாகி ஊர் ஊராகப் போனார்கள். செட்டிநாட்டு வீடுகளில் அந்த அச்சுப் படத்தின் மேல் துணியும் ஜரிகையும் சம்கியும் வைத்துத் தைத்து, அம்மனுக்கு உண்மையிலேயே சேலை கட்டிச் சட்டம் போட்டார்கள். அந்தப் படம் மாட்டப்பட்ட சுவரில் முன்பே ஒரு தஞ்சாவூர்ப் படம் இருந்திருக்கும்: பலாப்பலகையில் துணி ஒட்டி, சுக்கானும் பசையும் பூசி மேடு எழுப்பி, தங்க ரேக்கு பதித்து, கண்ணாடிக் கல் வைத்த படம். அதுவும் ஒரு காலத்தில் மராட்டிய அரசவை நிழலில் புதிதாக வளர்ந்த பாணி. தக்காணத்திலிருந்தும் நாயக்கர் மரபிலிருந்தும் ஐரோப்பியரிடமிருந்தும் எடுத்துக்கொண்டது அதில் நிறைய. ஒன்று கையால் செய்த ஒற்றைப் படம், மற்றது இயந்திரத்தில் ஆயிரமாக அடித்தது. ஒன்றில் சாமி எதிர்முகமாக அசையாமல் இருக்கிறார். மற்றதில் சாமிக்கு நிழல் விழுகிறது. இதைவிடக் கூர்மையான பழசு-புதுசு மோதல் இன்றைய சுவர் எதிலும் நடக்கப்போவதில்லை. அன்றைய பெரியவர் யாராவது முகம் சுளித்திருக்கவும் கூடும். படங்கள் இரண்டும் ஒரே சுவரில் இருந்து பழகிவிட்டன. இன்று இரண்டையும் ஒரே கடையில் ஒரே பெயர் சொல்லி விற்கிறார்கள்.

‘எல்லாம் சரி, அங்கே புதுசும் பழசும் ஒரே சாமியைத்தானே காட்டின, இன்றைய ஓவியத்தில் என்ன இருக்கிறது, கோடும் கிறுக்கலும்தானே, அது நம் வீட்டோடு எப்படி ஒட்டும்’ என்பது அடுத்த கேள்வி. இந்தக் கேள்விக்குச் சென்னை ஓவியர்கள் அறுபது ஆண்டுக்கு முன்பே கையால் பதில் சொல்லிவிட்டார்கள். 1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1963இலிருந்து வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில், ஜாதகக் கட்டத்தையும் சுவடி எழுத்தையும் கணக்குப் புள்ளிகளையும் கித்தானுக்குக் கொண்டுவந்தார். எழுத்துப்போல் இருக்கும், படிக்க முடியாது. ஆனால் ஓலைச்சுவடியையோ பேரேட்டையோ பார்த்த கண்ணுக்கு அந்தப் பக்கத்தின் நெருக்கம் தெரியும். பி.வி. ஜானகிராம் தாமிரத் தகட்டை அடித்து வளைத்து, கம்பி ஒட்டிச் சிற்பம் செய்தார். கோயில் கவசம் செய்கிற தட்டாரின் சுத்தியல் அதில் கேட்கிறது. எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்கள் எதிர்முகமாக நிமிர்ந்து நிற்கும் விதத்தில் திருவிழாவின் வாகனமும் வேலும் நினைவுக்கு வரும். இவர்கள் அருங்காட்சியகத்துக்காகப் பழசைப் படியெடுக்கவில்லை. பழைய வேலைப்பாட்டின் நரம்பைப் பிடித்துப் புதுசு செய்தார்கள். கே.எம். ஆதிமூலத்தின் கோட்டுக்குத் தமிழ் வாசகர்களிடம் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டுக் காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த காந்திகளைப் பார்க்காதவர்கள்கூட அவர் போட்ட புத்தக அட்டைகளையும் தலைப்பு எழுத்துக்களையும் கையில் வைத்துப் படித்திருப்பார்கள். நவீன ஓவியம் அந்நியம் என்கிற நாம், அதன் எழுத்தில் தலைப்புப் போட்ட பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம்.

இங்கிருந்துதான் சேர்த்துவைக்கும் முறைக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஆண்டைப் பார்த்துச் சேர்க்காதீர்கள், கைவேலையைப் பார்த்துச் சேருங்கள். கணக்குப்பிள்ளை உட்கார்ந்து எழுதிய சாய்வு மேசைக்கு மேல், எழுத்தும் கட்டமுமாக விரியும் ஒரு படம் பொருந்தும். இரண்டுமே மனிதன் குறித்துவைக்கும் ஆசையிலிருந்து வந்தவை. உளியின் தடம் தெரியும் பழைய மரத் தூணுக்கு அருகில், உளித்தடத்தை மறைக்காத இன்றைய மரச் சிற்பம் நிற்கலாம். சுண்ணாம்பு இழைத்த வெள்ளைச் சுவருக்குக் கறுப்பு மைக்கோட்டுப் படத்தைவிட நல்ல துணை இல்லை. வேலைப்பாடு நெருங்கிய இரண்டு பொருள்களுக்கு இடையே நூறாண்டு இடைவெளி இருந்தால் அது உறுத்தாது. மாறாக, ஒரே ஆண்டில் செய்த இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று கொன்றுவிடுவதும் உண்டு. தங்க ரேக்கு மின்னும் தஞ்சாவூர்ப் படத்துக்குப் பக்கத்தில் வேறு எதையும் மாட்டாதீர்கள் என்பேன், அது பழசானாலும் புதுசானாலும். அந்தப் படம் சுவர் முழுவதையும் கேட்கிற படம். இதே அளவுகோலால் சில நாகரிகங்களையும் நிறுக்கலாம். அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில், எந்தப் பாரத்தையும் தாங்காமல், தரைக்கும் சிமெண்டுக் கூரைக்கும் நடுவில் செருகி நிறுத்திய செட்டிநாட்டுத் தூணை என்னால் ரசிக்க முடியவில்லை. தூண் என்பது சுமப்பதற்காகச் செய்தது. அறுத்து உயரம் குறைத்து நிறுத்தியபின் அது தூணின் படம். செதுக்குக் கதவைப் படுக்கவைத்து மேலே கண்ணாடி போட்டுச் சாப்பாட்டு மேசையாக்குவதும் அந்த வகைதான். சோறு சிந்தாமல் சாப்பிட வேண்டிய கவலை ஒன்றைத் தவிர அதனால் வீட்டுக்கு வந்தது எதுவும் இல்லை.

அப்படியானால் பழம்பொருளைப் பயன்பாட்டிலிருந்து பிரித்து வீட்டில் வைப்பதே தவறா என்று கேட்கத் தோன்றும். கொழும்பில் 1877இல் பிறந்து, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஆனந்த குமாரசாமியின் நிலைப்பாடு இதில் கடுமையானது. பொருள்கள் ஒரு தேவைக்காகச் செய்யப்பட்டன. தேவையிலிருந்து பிடுங்கிப் பார்வைக்கு வைப்பது அவற்றைப் பாதி புரிந்துகொள்வது என்பது அவர் எழுத்துக்களில் திரும்பத் திரும்ப வரும் கருத்து. அருங்காட்சியகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார் என்பதால் அதற்கு எடை அதிகம். நான் இதை ஏற்கிறேன். இந்தக் கடிதலே என் வாதத்துக்குத் துணை. பயன்படுத்தக்கூடிய பழம்பொருளைப் பயன்படுத்துங்கள்: நாற்காலியில் உட்காருங்கள், ஊஞ்சலில் ஆடுங்கள், பித்தளை அண்டாவில் தண்ணீர் பிடியுங்கள். மரக்காலும் படியும், கல்லாப்பெட்டியும் கூஜாவும் வேலை இழந்துவிட்டன. அவற்றுக்கு மிச்சம் இருப்பது உருவம் மட்டும். உருவத்தைப் பார்க்கக் கண் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பழம்பொருள் தானாகத் தருவதில்லை, ஏனென்றால் அதைப் பார்த்ததும் நாம் ‘அந்தக் காலம்’ என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். இன்றைய ஓவியம் அந்தப் பெருமூச்சுக்கு இடம் கொடுக்காது. அதில் நினைவு இல்லை. கோடு, நிறம், இடைவெளி மட்டுமே இருப்பதால் அவற்றைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அப்படிப் பழகிய கண் பக்கத்தில் இருக்கும் மரக்காலுக்குத் திரும்பும்போது, அதன் இரும்புப் பட்டைக்கும் மர உடலுக்கும் உள்ள அளவுப் பொருத்தம் முதல்முறையாகத் தெரிகிறது. நவீன நாற்காலிகளை வடிவமைத்த சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1949இல் கலிபோர்னியாவில் தொழிற்சாலை உதிரிகளைக் கொண்டு கட்டிய தங்கள் வீட்டைப் பல நாட்டுக் கைவினைப் பொருள்களால் நிரப்பியிருந்தார்கள். 1958இல் இந்திய அரசுக்கு அவர்கள் எழுதிக்கொடுத்த அறிக்கை, தாங்கள் இங்கே பார்த்து வியந்த பொருள்களில் மிகச் சிறந்ததாகச் சொம்பைச் சொன்னது. நம் அடுப்படியில் கிடந்த சொம்பின் வடிவத்தைச் சொல்ல, நவீன நாற்காலி செய்து பழகிய கண்கள் வேண்டியிருந்தன.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு நேர்மையாக இருக்காது. ஓவியம் வாங்குவது பணக்காரர் பொழுதுபோக்கு என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. பெயர் பெற்றவரின் பெரிய கித்தான் நம்மில் பலருக்கு எட்டாது என்பது உண்மை. ஆனால் பழைய பெல்ஜியம் கண்ணாடியும் பர்மாத் தேக்குப் பீரோவும் வாங்குகிறவர், அதே வாயால் ஓவியம் கட்டுப்படியாகாது என்று சொல்லும்போது, கட்டுப்படி அல்ல, துணிச்சல்தான் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படித்து வெளியே வரும் இளைஞர்களின் படங்கள் கேட்பாரற்றுச் சுருட்டி வைக்கப்படுகின்றன. அதைவிடச் சிறிய செலவில் அச்சோவியம் கிடைக்கும். செப்புத் தகட்டில் அமிலம் அரித்த கோட்டுக்குள் மை ஏற்றி, ஈரக் காகிதத்தை அழுத்தி எடுக்கும் அச்சு அது. ஒவ்வொரு பிரதியும் ஓவியர் கையால் எண்ணிட்டுக் கையெழுத்திட்டது. இருபது பிரதி எடுத்ததில் மூன்றாவது என்றால் கீழே பென்சிலில் அப்படியே குறித்திருப்பார். ரவிவர்மா படத்தைச் சேலை கட்டி மாட்டிய சமூகத்துக்கு அச்சுப் படம் தாழ்ந்ததாகப் படக் காரணமே இல்லை. இன்னொன்று: 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கியவர்கள், பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள். ஓவியரும் கைவினைஞரும் வேறு வேறு ஜாதி என்று நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம்.

நாம் கொடுக்கும் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. செட்டிநாட்டு வீடுகள் பங்காளிகளின் கூட்டுச் சொத்து. 1930களின் உலகப் பொருளாதார மந்தம், 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தது, விடுதலை பெற்ற பர்மா நிலங்களை எடுத்துக்கொண்டது என்று அடிமேல் அடி விழுந்தபின், பராமரிக்க வழி இல்லாமலும் பாகம் பிரிக்க மனம் ஒத்துவராமலும் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிறகு சில இடிக்கப்பட்டன. கதவு தனி, தூண் தனி, சன்னல் தனி, தரைக்கல் தனி என்று விலையாயின. இடிந்த வீட்டிலிருந்து ஒரு தூணைக் காப்பாற்றினேன் என்று வாங்கியவர் சொல்லலாம். பல சமயம் அது உண்மைதான். ஆனால் உடைத்து விற்றால் நல்ல விலை என்ற நிலை வந்தபின், நிற்கிற வீட்டின் மேலும் அந்த விலை நிழலாக விழத் தொடங்குகிறது. பழம்பொருளின் அளவு கூடுவதில்லை. ஒரு வீடு புராதனமாக அலங்கரிக்கப்படும்போது வேறொரு வீடு அந்த அளவுக்குக் குறைகிறது. இன்றைய ஓவியத்தை வாங்கினால் எந்த வீடும் குறைவதில்லை. செய்தவர் அடுத்ததைச் செய்ய உட்காருகிறார். பழம்பொருள் கடைகளை மூடச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பல சாமான்கள் உலைக்கும் விறகுக்கும் போயிருக்கும். ஒரு நாற்காலி வாங்குங்கள், பத்து வாங்காதீர்கள். மிச்ச இடத்தை உயிரோடிருக்கும் கலைஞருக்கு விடுங்கள் என்கிறேன். புதிதாகச் செய்து டீத்தண்ணி நிறம் ஏற்றிப் பழசு என்று விற்கும் சாமானைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை: புதுசு என்று சொல்லி விற்றால் அது தச்சரின் நல்ல கைவேலை, அதற்குரிய மதிப்பும் உண்டு, பழசு என்று சொன்ன கணத்தில் அது பொய்.

கோயில் சிலைகள் விஷயத்தில் சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1972இல் நிறைவேறி 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பழம்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி, நூறு ஆண்டு கடந்த சிற்பம், ஓவியம் முதலியவை பழம்பொருள். சுவடிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டு போதும். குறிப்பிட்ட வகைகளைப் பதிவு செய்ய வேண்டும், வியாபாரிக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ரவிவர்மாவின் மூல ஓவியங்களும் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டு நாட்டைவிட்டுப் போகத் தடை பெற்றவை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் விலைக்கு வாங்கியதும், 2014இல் அவர் திரும்பி வந்ததும் எல்லோரும் அறிந்தது. ஒரு நாட்டின் கலைக்கூடமே ஏமாந்த இடத்தில், கூடத்து மூலைக்கு ஒரு பழைய அம்மன் வேண்டும் என்று தேடுவது எதற்கு? வழிபாட்டில் இருந்த எதையும் அலங்காரத்துக்கு வாங்கக் கூடாது என்பதே என் முடிவு. சிலை வேண்டுமானால் சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றிச் சிலை வார்க்கிறார்கள். இன்று வார்த்த சிலை. அதைச் செய்தவரை நேரில் கேட்கலாம்.

இனி வைக்கும் விதம். கொலுவின் மறுபாதியை நாம் மறந்துவிடுகிறோம். ஒன்பது நாள் முடிந்ததும் பொம்மைகளைப் படுக்கவைத்து, மறுநாள் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிப் பரணில் ஏற்றிவிடுகிறோம். ஜப்பானிய வீடுகளில் தொக்கொனொமா என்ற மாடத்தில் ஒரு படச்சுருளும் ஒரு பூங்குடுவையும் மட்டும் இருக்கும். பருவம் மாறினால் படமும் மாறும். இருப்பதையெல்லாம் எந்நேரமும் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்த மரபும் சொல்லவில்லை. இதில் ரசனை மட்டுமல்ல, பாதுகாப்பும் இருக்கிறது. காகிதத்தில் நீர்வர்ணத்தால் வரைந்ததும் பழைய அச்சுப் படங்களும் வெளிச்சத்தில் வெளுக்கும். அருங்காட்சியகங்கள் அவற்றுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் தருவதில்லை, எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகும். நம் வீட்டுச் சன்னலோரம் பகலில் இதைப்போலப் பல மடங்கு. ஆகவே மேற்கு வெயில் விழும் சுவரில் காகிதப் படம் வேண்டாம்; அங்கே கல்லையோ உலோகத்தையோ வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் வெளிச்சுவர் ஈரம் குடிக்கும். சட்டத்தின் நான்கு மூலையிலும் சிறு தக்கை ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். தஞ்சாவூர்ப் படத்தை ஈரத் துணியால் துடைத்தால் சுக்கான் பூச்சு ஊறித் தங்க ரேக்கு எழும்பும். பழைய வெண்கலத்தைப் புளி போட்டுப் பளபளக்கத் தேய்த்தால் நூறாண்டு படிந்த நிறம் அரைமணி நேரத்தில் போய்விடும். அன்றாடம் புழங்கும் பாத்திரத்துக்குப் புளி, காட்சிக்கு வைத்ததற்கு உலர்ந்த துணி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் வீட்டுப் பழைய பாத்திரங்களைத் திருப்பிப் பார்த்தால் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். அது வாங்கியவர் பெயர், அல்லது சீராகக் கொடுத்தவர் பெயர். செய்த கன்னாரின் பெயர் இல்லை. அந்தத் தூணைச் செதுக்கிய தச்சர் யார், தஞ்சாவூர்ப் படத்துக்கு ரேக்கு ஒட்டியவர் யார் என்று பெரும்பாலும் எந்த வீட்டுச் சிட்டையிலும் எழுதி வைக்கவில்லை. நீங்கள் வாங்கும் படத்தின் பின்புறத்தில் வரைந்தவர் பெயர், ஊர், வாங்கிய ஆண்டு மூன்றையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.